கழித்துக் கட்டினால் மந்தை தேறுமா?

(நம் சங்கத்தின் சந்திப்பு விழாவில், காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)



போன மாதம் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டார். "தம்பி, இருபது நிமிஷம் பேசணும். உன் வேலையைப் பத்திப் பேசாதே. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் பேசறாங்க" என்றார். எனக்கு வேலையை விட்டால் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் சனி, ஞாயிறுகளில் நான் மான் எண்ணுகிறேன். "மானைப் பத்திப் பேசட்டுங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பேசு, ஆனா நமக்கு ஒரு விஷயம் இருக்கணும்" என்றார். இருக்கிறது. இன்று மதியம் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. அதற்கும் என் மான்களுக்கும் சம்பந்தம் உண்டு. கடைசியில் வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. 2010-ஆம் வருஷம் மெக்கானிக்கல் முடித்தேன். சான் ஆன்டோனியோவில் வேலை. ஆயிரம் பாகம் செய்தால் அதில் எது சீக்கிரம் உடையும் என்று கண்டுபிடித்து, அதை முன்கூட்டியே பொறுக்கி வெளியே போடுவதுதான் என் தொழில். அந்தப் புத்திதான் என்னை மான் விஷயத்தில் கவிழ்த்தது.

டெக்சாஸில் இருப்பது வெண்வால் மான். ஓடும்போது வாலைத் தூக்கும், அடியில் வெள்ளையாகத் தெரியும். மாநிலம் முழுக்க ஏறத்தாழ 50 லட்சம் மான்கள் இருக்கின்றன. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியார் பட்டா. காலம், கணக்கு, லைசென்ஸ் எல்லாம் வைத்து, அங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இங்கே மானைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆகவே நான் சொல்வதைக் கேட்டு யாரும் சத்தியமங்கலம் பக்கம் கிளம்பிவிட வேண்டாம்! இன்னொரு சங்கதி. நம்ம ஊர்ப் புள்ளிமானை 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று அது அங்கே காட்டில் தானாகத் திரிகிறது. முதல் தடவை ரோட்டோரம் அதைப் பார்த்தபோது, நம்ம பக்கத்து ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் இன்றைய பேச்சு வெண்வால் மானைப் பற்றியது.

மான் கொம்பு மாட்டுக் கொம்பு போன்றதில்லை. ஆண் மானுக்கு வருஷா வருஷம் கொம்பு உதிர்ந்துவிடும். மறுபடி புதிதாக முளைத்து, சில மாதத்தில் முழுக் கொம்பாகிவிடும். ஒரு கிளைக்கு ஒரு வயது என்று சொல்வது தப்பு. ஒன்றரை வயதில் முதல் கொம்பு வரும். அது சிலதுக்கு ஆறு, எட்டுக் கிளையோடு வரும். சிலதுக்குக் கிளையே இல்லாமல் இரண்டு ஈட்டி மாதிரி வரும். அதை அங்கே 'ஸ்பைக்' என்பார்கள். கொம்பு முழு வளர்ச்சி அடைய ஐந்து, ஆறு வயது ஆகும். கொம்பின் நீளம், கிளை, சுற்றளவு எல்லாவற்றையும் அங்குலத்தில் அளந்து கூட்டி மார்க் போடுவார்கள். அந்த மார்க்குக்காகத்தான் இத்தனை பணமும் பாடும்.

என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர். பல தலைமுறையாக டெக்சாஸ்காரர். அவரும் நான்கு கூட்டாளிகளும் தெற்கே ஒரு பண்ணையில் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். 2023 கோடையில் என்னைக் கேட்டார்: "உனக்குத்தான் டேட்டா வருமே, எங்க மந்தையை உயர்த்திக் கொடேன்."

அங்கே பலரிடம் வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு. ஐரோப்பாவிலும் நூறு வருஷத்துக்கு மேல் புழங்கிய நம்பிக்கைதான். மட்டமான கொம்பு உள்ள மானைச் சுட்டுக் கழித்துவிட்டால், நல்ல கொம்பன்களே மிஞ்சும், அவற்றின் குட்டிகள் நல்ல கொம்பு போடும், பத்து வருஷத்தில் மந்தை தரம் உயரும் என்பது அது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. என் அப்பாரு காங்கேயம் பக்கத்தில் செம்மறிப் பட்டி வைத்திருந்தவர். வருஷா வருஷம் கழிவு ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டு, பொலிகிடாய் ஒன்றை மட்டும் கண்ணாகக் காப்பாற்றுவார். அவர் பேரன் நான். எனக்கா இது தெரியாது?

தானியங்கி கேமராக்களை மரத்தில் கட்டினோம். ஆயிரக்கணக்கில் படம் வந்தது. ஒவ்வொரு ஆண் மானுக்கும் நம்பர் கொடுத்து, எக்செல் ஷீட்டில் வரிசை போட்டேன். அந்த இலையுதிர் காலத்தில் 11 ஸ்பைக் மான்கள் சிக்கின. பதினொன்றுக்கும் எதிரே 'கழிக்கலாம்' என்று எழுதி, சிவப்பு வண்ணம் அடித்தேன். அதில் 7 மான்களைச் சுட்டார்கள். நான் துப்பாக்கியைத் தொடவில்லை. தொட்டது கீபோர்டு மட்டும்தான். அதனால் எனக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

இறைச்சியை வீணாக்க மாட்டார்கள். பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். கீழ்த்தாடைகளை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்தேன். மானின் வயதைத் தாடைப் பல்லில் பார்க்கலாம். மூன்றாவது முன்கடைவாய்ப் பல், பால்பல்லாக இருக்கும்போது மூன்று முகடு வைத்திருக்கும். ஒன்றரை வயது வாக்கில் அது விழுந்து, இரண்டு முகடுள்ள நிலைப்பல் வரும். ஏழு தாடையையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏழிலும் பால்பல், அல்லது அப்போதுதான் முளைத்த பல். அத்தனையும் ஒன்றரை வயதுப் பிள்ளைகள். அப்படியென்றால் 2022 கோடையில் பிறந்தவை. அந்த வருஷம் அந்தப் பக்கம் கடும் வறட்சி. தாய்க்குத் தீனி இல்லை, மடியில் பால் இல்லை. அதுதான் அந்தக் கொம்பில் தெரிந்தது. நான் மட்டமான மானைப் பொறுக்கவில்லை, மழை இல்லாத வருஷத்தைப் பொறுக்கியிருக்கிறேன்.

இது என் சந்தேகம்தான், ஏழு தாடை எதையும் நிரூபித்துவிடாது. ஆனால் அன்று இராத்திரி தூக்கம் வரவில்லை. ஷீட் போடுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை, போட்ட பிறகு உட்கார்ந்து படித்தேன். நம்மில் பல பேர் பரீட்சைக்குப் படித்த முறைதானே!

முதலில் கழிப்பவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொம்பின் அளவில் ரத்த வழி உண்டு. அது பொய்யில்லை. டெக்சாஸ் மாநில வனவிலங்குத் துறை, கெர் ஆய்வுப் பண்ணையில் 1970-களிலிருந்து வேலி அடைப்புக்குள் மான்களை வளர்த்துப் பார்த்தது. தகப்பன் இன்னது, தாய் இன்னது என்று குறித்து வைத்து, தேர்ந்தெடுத்த ஆணை மட்டும் இணைய விட்டார்கள். கொம்பு பெற்றோர் வழியே வருகிறது என்று அங்கே தெரிந்தது. இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் பலரும் காட்டில் ஸ்பைக் மான்களைச் சுடுகிறார்கள்.

ஆனால் அடைப்பு வேறு, காடு வேறு. இங்கேதான் என் அப்பாருவின் பட்டியை நினைத்துப் பார்த்தேன். அவர் என்ன செய்தார்? பொலிகிடாயைத் தவிர மற்ற கிடாய்களுக்குக் காயடித்தார், அல்லது விற்றார். ஆக, அந்த வருஷம் பிறந்த குட்டி அத்தனைக்கும் ஒரே தகப்பன். பெட்டை ஆடுகளிலும் எது இரட்டை போடும், எதற்குப் பால் நிற்கும் என்று பார்த்துக் கழித்தார். எல்லா ஆட்டுக்கும் ஒரே தீனி, ஒரே தண்ணீர். அடுத்த பட்டிக் கிடாய் உள்ளே வர முடியாது. இந்த நான்கும் சேர்ந்து இருந்ததால்தான் கழிப்பது பலித்தது.

காட்டு மானில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தகப்பன் யார் என்பது. பெரிய கொம்பன் ஒருவன் எல்லாப் பெண் மானையும் கட்டி ஆள்வான் என்று நாம் நினைக்கிறோம். மரபணு சோதனை செய்து பார்த்ததில் வெண்வால் மானில் அப்படி இல்லை. பெண் மான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும். ஒரு ஆண் ஒரு பெண்ணோடு ஓரிரு நாள் சுற்றுவதற்குள், மற்ற பெண்களுக்கு வேறு துணை கிடைத்துவிடுகிறது. பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்றரை, இரண்டரை வயது இளவட்டங்களே தகப்பன். ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைக் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருப்பதும் உண்டு! ஆகவே ஒரு நல்ல கொம்பனைக் காப்பாற்றுவதால் மந்தையே அவன் சாயலுக்கு மாறிவிடாது.

இரண்டாவது, தாய். குட்டியின் ரத்தத்தில் பாதி தாய் கொடுத்தது. பெண் வெண்வால் மானுக்குக் கொம்பு கிடையாது. அவள் எப்படிப்பட்ட கொம்பு ரத்தம் வைத்திருக்கிறாள் என்று எந்தக் கேமராவுக்கும் தெரியாது. பாதிக் கேள்வித்தாளைப் பார்க்காமலே மார்க் போடுகிறோம்.

மூன்றாவது, தீனி. தெற்கு டகோடா மாநிலத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2009-இல் வெளியானது. மேற்கே மலைப் பக்கத்து மான்கள் சின்னவை, கிழக்கே விவசாயப் பக்கத்து மான்கள் பெரியவை. இரண்டு பக்கத்து மான்களையும் கொண்டுவந்து ஒரே மாதிரி நல்ல தீனி போட்டு வளர்த்தார்கள். காட்டில் வறிய இடத்தில் வளர்ந்த தாய்க்குப் பிறந்த குட்டி, நல்ல தீனி தின்றும் சின்னதாகவே நின்றது. ஆனால் அதற்கு அடுத்த தலைமுறை, கிழக்கத்தி மான்களை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டது. தாய் பட்ட பட்டினி, குட்டியின் கொம்பு வரைக்கும் வருகிறது. இதைக் 'கெட்ட ரத்தம்' என்று ஒருவர் சுட்டிருந்தால்?

நான்காவது, வேலி. இளம் ஆண் மான்கள் பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பிப் போய்விடும், சில சமயம் பல மைல் தூரம். நீங்கள் காப்பாற்றிய நல்ல கொம்பனின் மகன் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடுகிறான், பக்கத்துப் பண்ணையான் உங்களிடம் வந்துவிடுகிறான்.

இவ்வளவும் காரணங்கள். கண்கூடான சோதனை ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நான் படித்ததில் முக்கியமான மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று. பென் கோர்த், ஜேம்ஸ் குரோல் என்ற இருவர் தெற்கு டெக்சாஸில் காட்டு மான்களை ஒன்றரை வயதில் பிடித்து, காதில் அடையாளம் போட்டு விட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் அவற்றின் கொம்பைப் பின்தொடர்ந்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. ஒன்றரை வயதில் மூன்று கிளையோ அதற்குக் குறைவோ இருந்த மான்களும், நான்கும் அதற்கு மேலும் இருந்த மான்களும், நாலரை வயது தாண்டியபோது கொம்பு அளவில் ஏறக்குறைய சமமாகிவிட்டன. முதல் கொம்பை வைத்துக் கடைசிக் கொம்பைச் சொல்ல முடியவில்லை.

இரண்டு. இதே தெற்கு டெக்சாஸில் கமான்சே பண்ணையில், 2006 முதல் பல வருஷம் நடந்த சோதனை. நிலத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் கடுமையாகக் கழித்தார்கள், ஒன்றரை வயது மானுக்கே ஆறு கிளை இல்லாவிட்டால் போச்சு. இன்னொன்றில் வயது வந்த மான்களில் மட்டும் கழித்தார்கள். மூன்றாவதில் கை வைக்கவே இல்லை. ஹெலிகாப்டரில் போய் வலை வீசிப் பிடித்து, அளந்து, மரபணு எடுத்து, பாஸ் ஆனதை விட்டு, பெயில் ஆனதைச் சுட்டார்கள். இதைவிடச் சுத்தமாக எந்தக் குத்தகைக்காரனாலும் செய்ய முடியாது. பலன்? கழித்த பகுதியில் பிறந்த மான்களின் கொம்பு, கை வைக்காத பகுதி மான்களின் கொம்பைவிடப் பெரிதாகவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் கடும் கழிப்புப் பகுதியின் ஒன்றரை வயது மான்கள் ஏறக்குறைய மொத்தமாக பெயில் ஆகிவிட்டன. ஒரு வகுப்பே காலி. பெரிய மான் செத்தால், அந்த இடத்துக்கு வர ஆள் இல்லாமல் போயிற்று. தரம் உயரவில்லை, தலைதான் குறைந்தது.

மூன்றாவது, மனிதன் கை வைக்காத இடம். ஸ்காட்லாந்தில் ரம் என்று ஒரு தீவு. அங்கே செம்மான்களை 1970-களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து, பிறப்பு முதல் இறப்பு வரை ஆராய்கிறார்கள். ஆராய்ச்சிப் பகுதியில் வேட்டையை நிறுத்திவிட்டார்கள். லோஸ்கே குரூக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002-இல் வெளியிட்ட கணக்கு இது: அங்கே பெரிய கொம்பு உள்ள ஆணுக்குக் குட்டிகள் அதிகம். கொம்பு அளவில் ரத்த வழிப் பங்கு மூன்றில் ஒன்று போல இருக்கிறது. அப்படியானால், இயற்கையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது, முப்பது வருஷத்தில் கொம்பு பெரிதாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. மாறாக, மான் எண்ணிக்கை கூடக் கூட, கொம்பின் எடை குறைந்தது. ஏன்? நன்றாகத் தின்று வளர்ந்த மானுக்குக் கொம்பும் பெரிது, குட்டியும் அதிகம். இரண்டுக்கும் காரணம் சாப்பாடு. சாப்பாடு ரத்தத்தில் இறங்காது.

எஞ்சினியர்கள் நிறைந்த சபை, ஒரு சின்னக் கணக்குப் போடாமல் விட்டால் என் டிகிரியைப் பிடுங்கிவிடுவீர்கள். ஓர் உதாரணம். மந்தையில் வளர்ந்த ஆண்களின் சராசரி மார்க் 100 அங்குலம் என்று வையுங்கள். மட்டத்தைக் கழித்துவிட்டோம், மிஞ்சியவற்றின் சராசரி 106. லாபம் 6. தாய் பக்கம் தேர்வு இல்லை, ஆகவே பாதி, 3. அதில் ரத்த வழிப் பங்கு மூன்றில் ஒன்று, ஆக 1 அங்குலம். ஒரு தலைமுறைக்கு, அதாவது நாலைந்து வருஷத்துக்கு, ஒரே ஓர் அங்குலம். அதுவும் வயது தெரிந்து, வேலி இருந்து, எல்லாம் சரியாக நடந்தால். ஒரு நல்ல மழைக்கும் ஒரு வறட்சிக்கும் இடையே கொம்பில் வரும் வித்தியாசம் இதைப்போல் பல மடங்கு. நம்ம எலக்ட்ரானிக்ஸ் அண்ணன்கள் பாஷையில் சொன்னால், இரைச்சலுக்குள்ளே சிக்னல் அமுங்கிவிடுகிறது. கழித்தவர்கள் நல்ல மழை வருஷத்தில் பெரிய கொம்பைப் பார்த்து, "பார்த்தியா, கழிச்சது பலிச்சிருச்சு" என்பார்கள். மழைக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

அப்படியானால் சுடவே கூடாதா என்றால், நான் அதைச் சொல்லவில்லை. இதை எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, பொறுக்கி எடுத்துத் தரம் உயர்த்துவது வேறு. மிச்சிகன் மாநிலத்தில் ஜார்ஜ் காப்பகம் என்று வேலி போட்ட இடம் உண்டு. 1928-இல் 6 மான்களை விட்டார்கள். 1933 கடைசியில் எண்ணினால் 160! ஓநாய் போன்ற வேட்டை விலங்கு இல்லாத இடத்தில் மான் இப்படித்தான் பெருகும். தழை, தளிர் எல்லாம் தீரும். பிறகு மான் மெலியும், கொம்பு சிறுக்கும், குட்டி சாகும். அங்கே எண்ணிக்கையைக் குறைத்தால், மிஞ்சியவை வயிறாரத் தின்று தேறும். அதற்குப் பெண் மானையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். அது எது, எந்தக் கொம்பு என்பதில்லை, எத்தனை வாய் என்பதுதான் கேள்வி. தலை குறைந்ததால் வந்த தேற்றத்தைப் பார்த்து, தேர்ந்தெடுத்ததால் வந்தது என்று நினைப்பதுதான் இந்த நம்பிக்கையின் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறுக்குவது நன்மை செய்யாமல் போவது மட்டுமில்லை, சில சமயம் தீமையும் செய்யும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மலை என்ற இடம். அது மான் இல்லை, பெருங்கொம்பு மலைச் செம்மறி. பெரிய கொம்புக் கிடாயை மட்டுமே சுடலாம் என்று விதி. முப்பது வருஷத்தில் அந்த மலைக் கிடாய்களின் கொம்பு சிறுத்துவிட்டது என்று 2003-இல் வெளியிட்டார்கள். வேகமாகக் கொம்பு வளர்ந்த கிடாய், குட்டி போடும் வயதுக்கு முன்பே சுடப்பட்டுவிடுகிறது. அதில் ரத்தத்தின் பங்கு எவ்வளவு என்று பிறகு விவாதம் நடந்தது, ஆனால் திசையில் பெரிய தகராறு இல்லை. அப்படியானால் அங்கே மட்டும் தேர்வு எப்படி வேலை செய்தது? செம்மறிக் கிடாயின் கொம்பு உதிராது. அதோடு, தலைமைக் கிடாய்கள் சிலவே பெரும்பாலான குட்டிகளுக்குத் தகப்பன். அது ஏறக்குறைய என் அப்பாருவின் பட்டி மாதிரி, தலைகீழாக நடந்தது. அதாவது பொலிகிடாயை விற்றுவிட்டு, கழிவை வைத்துக்கொண்ட கதை.

காட்டுக்குள்ளே நிஜமாகவே பொறுக்கத் தெரிந்த ஒருவன் இருக்கிறான், மலைச்சிங்கம். மானுக்கு மூளையைத் தின்னும் நலிவு நோய் ஒன்று உண்டு. 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. நோய் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே ஒன்றும் தெரியாது. கொலராடோவில் மலைச்சிங்கம் அடித்த கோவேறு மான்களையும், வேட்டைக்காரர்கள் சுட்ட மான்களையும் சோதித்தபோது, சிங்கம் அடித்தவற்றில் நோயாளிகள் அதிகம் என்று 2010-இல் தெரியவந்தது. சிங்கம் கொம்பைப் பார்ப்பதில்லை. நடையைப் பார்க்கிறது, காது அசைகிறதா என்று பார்க்கிறது, இன்றைக்கு இவன் ஓடுவானா என்று பார்க்கிறது. நாம் பார்ப்பது அழகு, அது பார்ப்பது ஆரோக்கியம்.

என் கதைக்கு வருகிறேன். 2024-இல் பெரியவரிடம் போய், "சார், நான் போன வருஷம் போட்ட லிஸ்ட் தப்பு" என்றேன். எதிர்பார்த்த மாதிரி அவர் கோபப்படவில்லை. "என் அப்பா காலத்தில் இருந்து ஸ்பைக்கைச் சுடுகிறோமே, அத்தனையுமா தப்பு?" என்றார். அவருடைய வலி எனக்குப் புரிந்தது. ஒரு தப்பை ஒத்துக்கொள்வது சுலபம், ஒரு வழக்கத்தை ஒத்துக்கொள்வது கஷ்டம். கூட்டாளிகளில் இரண்டு பேர் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒன்றரை வயது, இரண்டரை வயது மானைத் தொடுவதில்லை. துறை சொல்லும் கணக்குப்படி பெண் மானைக் குறைப்பது. மேய்ச்சலில் மாட்டைக் குறைத்துச் செடிகளை வளர விடுவது. ஆண் மானுக்கு வேண்டியது வயது, தீனி, இரண்டுதான். டெக்சாஸில் பல மாவட்டங்களில், கொம்பின் உள் அகலம் 13 அங்குலம் இல்லாத கிளைக் கொம்பனைச் சுடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதன் நோக்கமும் இளசுகளைக் கிழடாக விடுவதுதான். (அதே சட்டம் ஸ்பைக்கைச் சுட அனுமதிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

நான் சிவப்பு அடித்த 11-இல் 4 தப்பித்தன என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒன்றுக்கு இடது காது கிழிந்திருக்கும். ஷீட்டில் அதன் நம்பர் 31. 2024 இலையுதிர் காலத்தில் அதே கிழிந்த காதோடு கேமராவில் வந்தது, ஆறு கிளை. 2025-இல் வந்தபோது எட்டுக் கிளை, கழுத்து தடித்து, நல்ல ஆம்பளையாக நின்றது. வயது மூன்றரைதான், இன்னும் வளரும். ஒரு மானை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மேலே சொன்ன ஆய்வுகள்தான் நிரூபணம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் நினைத்தது ஆய்வை இல்லை, மேஜையில் இருந்த ஏழு தாடையை.

இப்போது மதியத் தீர்மானம். நம் சங்கம் நடத்தும் பயிற்சித் திட்டத்தில் இடம் குறைவு, பணமும் குறைவு. ஆகவே முதல் வருஷத்தில் இரண்டு அரியருக்கு மேல் வைத்த மாணவர்களைச் சேர்க்க வேண்டாம், நல்ல மாணவர்களுக்கு முழுதாகச் செலவழிப்போம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கொண்டுவந்த அண்ணன்கள் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். நானும் நல்ல எண்ணத்தில்தான் சிவப்பு அடித்தேன்.

மனிதன் மான் இல்லை. பிள்ளைகளை மந்தையோடு ஒப்பிட்டுப் பேசுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் ஒப்பிடுவது பிள்ளைகளை இல்லை, அளக்கிற நம்மைத்தான். முதல் வருஷ மார்க்கில் நாம் பார்ப்பது அந்தப் பையனின் மூளையையா, அவன் வந்த வருஷத்தின் மழையையா? தமிழ் மீடியத்தில் படித்து வந்து, முதல் செமஸ்டரில் போர்டில் எழுதியது புரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த ஹாலில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். நானே தூக்கிவிடுகிறேன். 2006-2007-இல் எனக்கு மூன்று அரியர். கணக்கு, கிராபிக்ஸ், இன்னொன்று வேண்டாம், அந்த சார் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு இந்த விதி இருந்திருந்தால், என் பேருக்கு எதிரே யாரோ ஓர் அண்ணன் சிவப்பு அடித்திருப்பார்.

இடம் குறைவு என்பது உண்மை. எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதும் உண்மை. அதை மூன்றாம் வருஷத்தில் அளந்து வைப்போம், குலுக்கிக்கூட எடுப்போம். ஒன்றரை வயதுக் கொம்பைப் பார்த்து மட்டும் வேண்டாம் என்பதே என் தாழ்மையான வேண்டுகோள். மதியம் பொதுக்குழுவில் இதைத் திருத்தமாகக் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிடாமல் யாராவது கை தூக்குங்கள்.